நாற்பத்தாறு சுற்று

பதினேழு நாட்கள் கொடுத்தார்கள். எங்கள் ஊர் மண் டிராக்கின் நாற்பது வருட வரலாற்றை எழுதி முடிக்கப் பதினேழு நாட்கள். சிறப்பு மலரின் அட்டை ஏற்கெனவே அச்சாகிவிட்டிருந்தது. அதில் 'ஒரு மாமனிதரின் கனவு' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த மாமனிதர் யார், என்ன கனவு கண்டார் என்பதை உள்ளே நான் நிரப்ப வேண்டும்.

நான் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கட்டடம் கட்டுகிறவர்கள் கொண்டுவரும் மண்ணைச் சலித்து, உலர்த்தி, எடைபோட்டு, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறிக்கை தருவேன். "மண்ணைப் பத்திப் படிச்ச பொண்ணு, மண் டிராக்கைப் பத்தி எழுதாதா?" என்று ரேஸ் கிளப்பின் செயலாளர் கேட்டார். அவர் பல் டாக்டர். என் கடைவாய்ப் பல்லில் குழி தோண்டிக்கொண்டே கேட்டார். வாயில் பஞ்சும் குழாயும் இருந்ததால் மறுக்க முடியவில்லை. வாய் சும்மா இருந்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

டிராக், சிமெண்ட் கிடங்குக்கும் பேருந்துப் பணிமனைக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, கதவுகளை வெல்டிங் வைத்து மூடிய பழைய கார்கள் அதில் பன்னிரண்டு சுற்று ஓடும். யார் ஜெயித்தார் என்பது தூசி அடங்கிய பிறகு தெரியும். சில சமயம் அப்போதும் தெரியாது. கிளப் தலைவர் சொல்லித்தான் தெரியும்.

இந்த வருடப் பந்தயத்தில் ஓட்ட என் அத்தை மகள் விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் நாலு நட்டு கிடக்கும். அத்தை நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் ஓடி ஓய்ந்த ஒரு காரை இரண்டு வருடமாகப் பிரித்துக் கோத்து, பந்தய வண்டியாக்கி வைத்திருந்தாள். முதல் மூன்று இடத்தில் வந்தால் அடுத்த கட்டப் போட்டிக்குப் போகலாம். அந்த வாய்ப்பு மறுபடி வர மூன்று வருடம் ஆகும். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காரணம் கேட்கப் போனோம். கிளப் ஆபீஸ், தலைவரின் டயர் கடைக்கு மேல்மாடி. மூச்சை இழுத்தால் ரப்பர் வாசம். தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் அவருடைய அப்பா மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பெரிய படம். எல்லோரும் அவரைப் பெரியவர் என்பார்கள். கிளப்பின் முதல் தலைவர் அவர். அட்டையில் இருக்கும் மாமனிதரும் அவரே.

"விதி பதினாலு என்ன சொல்லுது? நீங்களே படிச்சுக் காட்டுங்க டாக்டர்" என்றார் தலைவர்.

செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டினார். "தொன்றுதொட்ட மரபின்படி, மகளிர் பார்வையாளர்களாக அமர்ந்து வீரர்களை ஊக்குவிப்பார்கள்."

"தொன்றுதொட்டுன்னா எப்பலேருந்து சார்?" என்றாள் நட்டு.

"ஆரம்பத்துலேருந்துதான்."

"ஆரம்பம் எப்ப?"

"அதைத்தானே உங்க அக்கா எழுதப்போறாங்க!" தலைவர் என்னைக் காட்டினார். நான் தரையைப் பார்த்தேன். "நாங்க ஒண்ணும் பொம்பளைங்களுக்கு விரோதி இல்லம்மா. வரலாறு அப்படி. ஆரம்ப காலத்துல ஒரு பொம்பளை, ஒரே ஒரு பொம்பளை, இங்க வண்டி ஓட்டியிருக்கான்னு உங்க அக்கா ஆதாரத்தோட காட்டட்டும். அன்னிக்கே உன் பேரை எழுதிக்கிறேன். வரலாற்றை மீற நான் யாரு?"

சொல்லிவிட்டு வயிறு மேஜையில் இடிக்கச் சிரித்தார். "அது போகட்டும், உன் வண்டியில பிரேக்கே ரெண்டு இருக்காமே? அது ரேஸ் வண்டியா, பாடம் நடத்துற வண்டியா?"

"உங்க பையன் வண்டியில ஒண்ணுகூட இல்லையே சார். போன மாசம் வேலியில போய்த்தானே நின்னார்?"

செயலாளர் இருமினார். நான் நட்டுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

"அக்கா, எப்படியாவது எனக்கு ஒரு பொம்பளையைக் கண்டுபிடிச்சுக் கொடு" என்றாள் கீழே.

"அப்படி யாரும் இல்லாட்டி?"

"இருப்பா. வண்டின்னு ஒண்ணு நின்னா, அதுல கை வைக்காத பொண்ணு எந்த ஊர்லயும் கிடையாது."

முதல் மூன்று நாட்கள் வரலாறு தெரிந்தவர்களைப் போய்ப் பார்த்தேன். ஊரில் வரலாறு தெரியாதவர் ஒருவரும் இல்லை.

தலைவர் சொன்னது: "அப்பா வெளிநாடு போய் வந்தவர். அங்க பெரிய பெரிய டிராக்கெல்லாம் பார்த்துட்டு வந்து, ஒரு குச்சியை எடுத்து இந்த மண்ணுல ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடுதான் இது." எந்த நாடு என்று கேட்டேன். மூன்று நாட்களில் மூன்று நாடுகளைச் சொன்னார். மூன்றாவது ஒரு தீவு. வரைபடத்தில் பார்த்தேன். அந்தத் தீவே நம் டிராக்கைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

செயலாளர் சொன்னது: "இது சாதாரண வட்டம் இல்லம்மா, நீள்வட்டம். கிரகங்கள் சூரியனைச் சுத்துற அதே பாதை. பெரியவருக்கு வானியல் அத்துப்படி." பெரியவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் என்பது தலைவரே எழுதிக்கொடுத்த குறிப்பில் இருந்தது. உழைப்பால் உயர்ந்தவர் என்று காட்ட எழுதியது.

ஒலிபெருக்கியில் பந்தய வர்ணனை செய்பவர், அந்தக் காலத்து ராஜாக்கள் இங்கே குதிரை ஓட்டினார்கள் என்றார். ஆதாரம் கேட்டேன். "போன வருஷ ரேஸ்ல நானே மைக்ல சொன்னேனே, நீ கேக்கலையா?" என்றார்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். இரண்டு சாயங்காலம் அளவு நாடாவைப் பிடித்தபடி டிராக்கைச் சுற்றினேன். மறுமுனையை நட்டு பிடித்துக்கொண்டாள். நடுக்கோட்டின் நீளம் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். வடிவம் நீள்வட்டம் இல்லை. ஒரு பக்கம் குறுகி, ஒரு பக்கம் புடைத்து, கையால் பிடித்துவைத்த மாவுருண்டை மாதிரி இருந்தது. இதே பாதையில் கிரகங்கள் சுற்றினால் என்றைக்கோ ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து ஒன்பது இடங்களில் துளை போட்டேன். மேலே பெரியவர் காலத்தில் கொட்டிய செம்மண். அதற்குக் கீழே பழைய தரை. அந்தப் பழைய தரையில் இரண்டே இரண்டு கோடுகளில் மட்டும் மண் கல்லாக இறுகியிருந்தது. மற்ற இடமெல்லாம் பொலபொல. கோடுகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி. பல வண்டிகள் போட்டியிட்டு ஓடினால் தடம் பரவும். இது ஒரே வண்டி, ஒரே தடத்தில், முப்பது நாற்பது முறை போன அடையாளம். சக்கர இடைவெளியை வைத்துப் பார்த்தால் பழைய ஜீப்.

பெரியவரிடம் ஜீப் இருந்ததே இல்லை.

பெரியவரின் வண்டியைக் கவனித்துக்கொண்ட மெக்கானிக் இன்னும் இருக்கிறார். அவர் பெயர் கார்பரேட்டர். எந்த வண்டிக்கு எந்தக் கோளாறு வந்தாலும் 'கார்பரேட்டரைக் கழட்டு' என்பார். கார்பரேட்டரே இல்லாத வண்டிகள் வந்த பிறகும் அதையேதான் சொல்கிறார். ஆறாம் நாள் அவருடைய பட்டறைக்குப் போனேன்.

"மாமா, டிராக் வர்றதுக்கு முன்னாடி அங்க ஏதாவது ஜீப் ஓடுச்சா?"

கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க வீட்டுல யாரும் சொன்னதில்லையா?"

"எதை?"

"சர்வே ஆபீஸ் ஜீப். உங்க தாத்தாதானே அதுக்கு டிரைவர்?"

"தாத்தாவா ஓட்டினார்?"

"அவர் மரத்தடியில சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டிருந்தார். ஓட்டினது உங்க அத்தை."

உட்கார இடம் தேடினேன். ஒரு டயர் கிடந்தது.

"பதினாறு வயசு இருக்கும் அவளுக்கு. அப்பனுக்குச் சாப்பாடு கொண்டு வந்த பொண்ணு. ஆபீஸருங்க எல்லாம் அந்தக் கோடியில சங்கிலி போட்டு அளந்துட்டிருந்தாங்க. திடீர்னு ஜீப் கிளம்பிச்சு. ஒரு பக்கம் தண்ணித் தொட்டி, ஒரு பக்கம் ஜல்லிக் குவியல். ரெண்டையும் சுத்தி வர ஆரம்பிச்சுட்டா. பணிமனை ஆளுங்க எல்லாம் சோத்துக் கையோட ஓடிவந்து நின்னோம். எத்தனை சுத்து போவான்னு ஆளாளுக்குப் பந்தயம். நான் பத்துன்னேன். எல்லாரும் தோத்தோம்."

"எத்தனை சுத்து?"

"நாப்பத்தாறு. எண்ணி நாப்பத்தாறு. ஒரு மணி நேரத்துக்கும் மேல. நடுவுல நிக்கவே இல்லை."

"யாரும் நிறுத்தலையா?"

"பெரியவர் நிறுத்துறேன்னு மோட்டார் சைக்கிளை எடுத்தார். நான் பின்னாடி. மூணு சுத்து துரத்தினோம். குறுக்கே போய் மறிச்சார். ஜீப் நிக்கல. இவர் திருப்பினார், விழுந்தார். நான் அவர் மேல விழுந்தேன், அதனால எனக்கு அடி கம்மி." முழங்கால் தழும்பைக் காட்டினார். "அவ திரும்பிக்கூடப் பார்க்கலையே! முகத்தைப் பார்க்கணும், கல்லு மாதிரி. அப்படி ஒரு நெஞ்சழுத்தம். மறுநாள் அந்தத் தடத்துல பத்து மோட்டார் சைக்கிள். ஒரு பொண்ணு நாப்பத்தாறு போனா நாம போக மாட்டோமான்னு. அப்படித்தான் டிராக் வந்துச்சு. கோடாவது குச்சியாவது."

"எதுக்காக அவ்வளவு சுத்து ஓட்டினாங்க?"

"நாங்களும் கேட்டோம். அவ வாயே திறக்கல. உங்க தாத்தா மூணு மாசம் அவளை வெளிய விடல. அதை உங்க அத்தைகிட்டயே கேளு. எனக்குப் பயம்."

அத்தையிடம் ஊருக்கே பயம். இருபத்தெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கிளப்பின் நிர்வாகிகள் எல்லோரும் அவளிடம் ஓட்டக் கற்றவர்கள். தலைவர் ரிவர்ஸ் எடுக்கும் தேர்வில் மூன்று முறை கம்பத்தைச் சாய்த்தவர். இன்றைக்கும் கடைத்தெருவில் அத்தையைப் பார்த்தால் காரை நிறுத்தி, அவள் கடந்துபோன பிறகுதான் எடுப்பார்.

அவளுடைய அலுவலகம் ஒரு சின்ன அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டு அட்டைகள். மேஜையில் பாடம் நடத்தும் பொம்மைக் கார்கள்.

"யாரு சொன்னா?" என்றாள்.

"கார்பரேட்டர் மாமா."

"ஊர்ல இருக்கிற அடைப்பெல்லாம் எடுத்தான். அவன் வாய்க்கு ஒரு அடைப்பு வெச்சிருக்கலாம்."

"உண்மையா அத்தை?"

பொம்மைக் கார்களை ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தினாள். "நட்டுவுக்கு இது உதவுமா?"

"உதவும். ஒரு பொம்பளை ஓட்டியிருந்தா சேர்த்துக்கிறேன்னு தலைவர் சொல்லியிருக்கார்."

"அப்ப எழுதிக்கோ. நான்தான் ஓட்டினேன்."

"எதுக்காக நாப்பத்தாறு சுத்து?"

"எழுதிக்கோன்னு சொன்னேன். கேள்வி கேளுன்னு சொல்லல." பிறகு, கொஞ்சம் தணிந்து, "இருபத்தெட்டு வருஷமா இந்த ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுக்கிறேன். பொம்பளை என்ன கத்துக்கொடுப்பான்னு சிரிக்கக் காத்திருந்தாங்க. ஒருத்தனுக்கும் இடம் கொடுத்ததில்லை. இதுக்கு மேல கிண்டாதே" என்றாள்.

கிண்டவில்லை. ஆனால் சர்வே அலுவலகப் பதிவறைக்குப் போய் அந்த ஜீப்பின் ஓட்டக் குறிப்பேட்டைத் தேடினேன். நாலு நாட்கள் தூசி தின்ற பிறகு கிடைத்தது. 'வாகனம் நிறுத்திய இடத்திலேயே பத்தொன்பது கிலோமீட்டர் ஓடியுள்ளது. பெட்ரோல் முழுதும் தீர்ந்தது. காரணம் விளங்கவில்லை. ஓடிய நேரம்: ஒரு மணி நான்கு நிமிடம்.' நானூற்றுப் பன்னிரண்டை நாற்பத்தாறால் பெருக்கினேன். பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு மீட்டர். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தினால் கூடத்தில் நான் யாருக்கும் தெரியாமல் ஒரு முறை சிரித்துக்கொள்வேன். அன்றைக்கும் சிரித்தேன்.

வேகத்தையும் போட்டுப் பார்த்தேன். மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே சத்தம், ஒரே கியர் என்று கார்பரேட்டர் மாமா உறுதியாகச் சொல்லியிருந்தார். அது எனக்கு உறுத்தியது. அறிக்கையில் எழுதவில்லை.

பன்னிரண்டாம் நாள் கூட்டத்தில் என் பக்கங்களைச் செயலாளர் உரக்கப் படித்தார்.

"அப்பா விழுந்தாரா?" என்றார் தலைவர்.

"'உடன் சென்று வழிகாட்டினார்'னு மாத்திடலாம்" என்றார் செயலாளர்.

"சார், இதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா?" வர்ணனையாளர் எழுந்துவிட்டார். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம டிராக்ல ஒரு வீராங்கனை! பேப்பர்காரன் எல்லாம் தானா வருவான். ராஜா குதிரையெல்லாம் எதுக்கு?"

தலைவரின் முகம் மெல்ல மாறியது. பழைய சரக்குக்குப் புது கிராக்கி வந்தால் வியாபாரிகளுக்கு வரும் முகம். "எங்க டீச்சர்!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. "எனக்கு அப்பவே தெரியும். அவங்க கிளட்ச் மிதிக்கிற அழகே தனி. அப்பா கனவு கண்டார், டீச்சர் நனவாக்கினாங்க!"

அட்டையை மாற்ற வேண்டியதில்லை என்று எல்லோருக்கும் நிம்மதி. டிராக்கின் வாசலில் அத்தைக்கு ஒரு செப்புப் பலகை வைப்பது என்று தீர்மானித்தார்கள். நட்டுவின் விண்ணப்பம் பதினாறாம் நாள் கூட்டத்தில், அத்தையின் முன்னிலையில், முடிவாகும் என்றார்கள். நட்டு அன்றைக்கே வண்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தாள்.

பதினாறாம் நாள். மேல்மாடியில் நாற்காலிகள் போதாமல் கீழிருந்து டயர்களை உருட்டிவந்து அடுக்கி உட்கார்ந்தார்கள். அத்தைக்கு மட்டும் தலைவரின் சுழல் நாற்காலி. மேஜைமேல் செப்புப் பலகை. 'நாற்பத்தாறு சுற்றுகளை இடைநில்லாமல் வென்ற இரும்புப் பெண்மணி.' யாரை வென்றாள் என்று போடவில்லை.

"முதல்ல நல்ல சேதி" என்றார் தலைவர். "விதி பதினாலு ரத்து. இனிமே பொம்பளைங்களும் ஓட்டலாம்!"

கைதட்டினார்கள். நட்டு என் தொடையைக் கிள்ளினாள்.

"புது விதியை டாக்டர் படிப்பார்."

செயலாளர் படித்தார். "முதல் வீராங்கனை ஏற்படுத்திய உயர்ந்த தரத்தைக் காக்கும் பொருட்டு, பங்கேற்க விரும்பும் மகளிர், முன்னதாக நாற்பத்தாறு சுற்றுகளைப் பந்தய வேகத்தில், இடையில் நிற்காமல், எரிபொருள் நிரப்பாமல் ஓட்டித் தகுதி பெற வேண்டும்."

"ஆம்பளைங்களுக்கு எத்தனை சார் தகுதிச் சுத்து?" என்றாள் நட்டு.

"ஆம்பளைங்களுக்கு அப்படி ஒரு மரபு இல்லையேம்மா. அவங்களுக்குப் பன்னிரண்டு சுத்து ரேஸ் மட்டும்தான்" என்றார் செயலாளர்.

"விதி ஏழு படி டேங்க் மூணு லிட்டர்தான் இருக்கணும். பந்தய வேகத்துல முப்பது சுத்து தாண்டாது. நாப்பத்தாறு யாராலயும் முடியாது."

"டீச்சரால முடிஞ்சுதே!" என்றார் தலைவர். "நாங்க சொல்லல, உங்க அக்காவே ஆதாரத்தோட எழுதியிருக்காங்க. அந்தத் திறமை இருக்கிறவங்க தாராளமா வரட்டும். உன் அம்மாவுக்கே மரியாதை குறையற மாதிரி பேசாதே. அவங்க மாதிரி ஒருத்தர் நூறு வருஷத்துக்கு ஒருத்தர்தான் பிறப்பாங்க. எல்லாப் பொண்ணுங்களும் அப்படி ஆயிட முடியுமா?"

அதற்கும் கைதட்டினார்கள். நட்டு கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தோரம் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. கதவை அடைத்தது நான் எழுதிய பக்கங்கள். எழுந்து, "அந்த ஜீப் ஒரே கியர்லதான்..." என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. வர்ணனையாளர் மைக் இல்லாமலேயே பேச ஆரம்பித்திருந்தார்.

அத்தைக்குக் கேட்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். சுழல் நாற்காலி லேசாகத் திரும்பியது.

"தம்பி" என்றாள் தலைவரிடம். "அந்தப் பலகையைக் கீழ வை."

"ஏன் டீச்சர், எழுத்து சின்னதா இருக்கா?"

"முதல் நாள் என்கிட்ட வந்தியே, அப்ப உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாது டீச்சர்."

"ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுத."

சிரிப்பு எழுந்தது. தலைவரும் சேர்ந்து சிரித்தார், வேறு வழியில்லாமல்.

"சிரிக்காதீங்க. அன்னிக்கு ஜீப்ல எனக்கு இவரைவிடக் கம்மியாத் தெரியும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. செயலாளர் மட்டும், "தன்னடக்கம்" என்று முணுமுணுத்தார்.

"தன்னடக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்பா தூங்கிட்டிருந்தார். சாவி திருப்பினபடியே இருந்துச்சு. சும்மா ஏறி உட்கார்ந்தேன். ஒரு குமிழ் இருந்துச்சு, இழுத்தேன். அது கை ஆக்சிலரேட்டர்னு எனக்கு யார் சொன்னா? ஒரு பட்டன் இருந்துச்சு, அழுத்தினேன். வண்டி கியர்லயே நின்னிருந்திருக்கு. குதிச்சு ஓட ஆரம்பிச்சுடுச்சு."

கீழே கடையில் ஏதோ டயரில் காற்று இறங்கும் சத்தம் கேட்டது.

"முன்னாடி தொட்டி, திருப்பினேன். அப்புறம் ஜல்லி, திருப்பினேன். மறுபடி தொட்டி. உங்கப்பா குறுக்கே வந்து கையை ஆட்டினார். அவர் மேல ஏத்தாம திருப்பினதே பெரிய பாடு. முகம் கல்லு மாதிரி இருந்துச்சாமே, அழுது தீர்ந்த முகம் அப்படித்தான் இருக்கும்."

"அப்ப அந்த நாப்பத்தாறு சுத்து..." என்றார் தலைவர். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"என் பொண்ணு ஓட்டறதுக்கு என் திறமையைத் தகுதியா வெச்சிருக்கீங்க. அது என்ன திறமைன்னு சொல்றேன், அப்படியே விதியில எழுதிக்கோங்க. டாக்டர், பேனாவை எடுங்க."

செயலாளர் உண்மையிலேயே பேனாவை எடுத்தார்.

"சீட்டு பின்னாடி தள்ளியிருந்துச்சு. பெடல் எதுவும் காலுக்கு எட்டல. சாவியைத் திருப்பினா இன்ஜின் அணையும்னுகூட எனக்குத் தெரியாது. பெட்ரோல் தீர்ந்துதான் நின்னுச்சு." அத்தை எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். "எனக்கு வண்டியை நிறுத்தத் தெரியல."